மாற்றுவதற்கு முன் அறிதல்

இயங்கிக்கொண்டிருந்த ஒன்று நின்றுவிடும்போது மனித மனத்தில் இரண்டு விருப்பங்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. அதை மீண்டும் இயங்கவைக்க வேண்டும் என்பது ஒன்று. அது ஏன் நின்றது என்று அறிய வேண்டும் என்பது மற்றொன்று. பல வேளைகளில் இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றுவதால், முதல் விருப்பம் நிறைவேறியவுடன் இரண்டாவதும் நிறைவேறிவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. இவ்விரு விருப்பங்களும் பிரிகிற இடத்தைக் காண, பழைய பிக்அப் வண்டி ஒன்றின் எரிபொருள் பம்பைச் சோதித்து மாற்றும் வேலை மிகத் தெளிவான களமாக அமைகிறது. அந்தப் பம்பு பெட்ரோல் டேங்கின் உள்ளே, கண்ணில் படாமலும் கைக்கு எட்டாமலும் இருக்கிறது. அதன்மேல் சந்தேகம் கொள்வது எளிது, அதை வெளியே எடுத்துப் பார்ப்பது கடினம். சந்தேகம் எளிதாகவும் சரிபார்ப்பு கடினமாகவும் இருக்கும் இடங்களில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1988-ஆம் மாடல் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த புதிய தலைமுறைச் செவ்ரோலெட் சி/கே வரிசைப் பிக்அப் வண்டிகளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றுள் 1995 வரை வந்த, 5.7 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய வண்டிகள் இன்றும் அந்நாட்டின் பண்ணைகளிலும் கட்டட வேலை செய்வோரின் தொழிலிடங்களிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 30 ஆண்டுகளைக் கடந்த இவ்வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலர் பழுதைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு இவ்வண்டியின் அமைப்பும் இடம் கொடுக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு இவற்றில் உண்டு என்றாலும், ஒரு மல்டிமீட்டரும் ஒரு பிரஷர் கேஜும் பொறுமையும் கொண்ட ஒருவர் அதன் ஒவ்வொரு இழையையும் பின்தொடர்ந்து சென்றுவிடக்கூடிய அளவிலேயே அது உண்டு.

இவ்வரிசையின் முந்தைய தலைமுறை வண்டிகளில், கார்புரேட்டர் இருந்த காலம் வரை, பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சினின் கேம் தண்டு சுழலும்போது ஒரு சிறு தண்டு பம்பின் நெம்புகோலைத் தள்ள, உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பியது. பழுதானால் அது வெளியே கசிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும், மாற்றுவதும் எளிது. ஆனால் உறிஞ்சுதல் என்னும் முறையிலேயே ஒரு குறை இருந்தது. ஒரு திரவத்தை உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. ஆகவே கோடை வெப்பத்தில், எஞ்சினின் சூட்டுக்கு அருகில் செல்லும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். எரிபொருளை அழுத்தத்துடன் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் வந்தபோது இக்குறையைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. எனவே மின்மோட்டாரால் ஓடும் பம்பை டேங்கினுள்ளேயே மூழ்கவைத்து, அங்கிருந்து பெட்ரோலை முன்னோக்கித் தள்ளும் முறை நிலைபெற்றது. தான் தள்ளும் பெட்ரோலாலேயே அப்பம்பு குளிர்விக்கப்படுகிறது, உராய்வும் தணிக்கப்படுகிறது. டேங்கை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்து ஓட்டுபவர்களின் பம்பு சீக்கிரம் சூடேறித் தேய்வதற்குக் காரணம் இதுவே. இவ்வாறு பம்பு திறமை பெற்றது. அதே மாற்றத்தில் அது பார்வையிலிருந்து மறைந்தது.

மறைந்திருக்கும் பொருளின்மேல் பழி விரைவாக விழுகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். வண்டி பழையது, பம்பும் பழையது, இவ்வகை வண்டிகளில் பம்பு போவது வழக்கம் என்ற பொது அறிவும் உண்டு. ஆகவே பம்புதான் என்று முடிவு கட்டுவதற்கு வேண்டிய எல்லாமே கையில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்நேரத்தில் கையில் இருப்பது ஒரே ஒரு செய்திதான்: எஞ்சின் சுழல்கிறது, எரியவில்லை. எரிவதற்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் வேண்டும். மூன்றில் எது வரவில்லை என்பதையே இன்னும் யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு இவ்வண்டி அளிக்கும் வாய்ப்பு அருமையானது. எஞ்சினின் உச்சியிலுள்ள ஏர் ஃபில்டரை அகற்றிவிட்டால், கார்புரேட்டர் இருந்த இடத்தில் அமர்ந்திருக்கும் த்ராட்டில் பாடி, அதாவது காற்று உள்ளே செல்லும் வழியைத் திறந்து மூடும் அமைப்பு, அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் இரண்டு இன்ஜெக்டர்கள் கீழ்நோக்கி அமைந்துள்ளன. உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுழற்ற, மற்றவர் முகத்தைப் போதிய தூரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெட்ரோல் வருகிறதா இல்லையா என்பது ஊகமாக இல்லாமல் காட்சியாகவே கிடைத்துவிடும். நன்றாக இருக்கும் இன்ஜெக்டரிலிருந்து பெட்ரோல் கூம்பு வடிவில், மெல்லிய திவலைகளாகப் பரவி விழும். அழுத்தம் குறைந்திருந்தால் கூம்பு சுருங்கிச் சொட்டுச் சொட்டாக வடியும். வரவே இல்லையென்றால் உலோகத் தகடு உலர்ந்தே கிடக்கும். கூம்பு ஒழுங்காகத் தெரிந்தால் அக்கணமே பம்பின்மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் நீங்கி, தேடல் தீப்பொறியின் பக்கம் திரும்பிவிடும். காசு செலவில்லாத, சில நிமிடங்களில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் டேங்கை இறக்கத் தொடங்குவோர் பலர் என்பது, அறியாமையைவிட அவசரமே பழுது பார்ப்பதில் பெரிய தடை என்பதைக் காட்டுகிறது.

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்த பிறகும் பம்பு குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சாவியை ஓட்ட நிலைக்குத் திருப்பியவுடன், வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏறத்தாழ 2 நொடிகளுக்கு மட்டும் பம்பை ஓடவிட்டுக் குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. பின்பக்கம் நின்று கேட்டால் டேங்கிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்து அடங்குவது காதில் விழும். அதன்பின் எஞ்சின் சுழல்கிறது என்னும் சமிக்ஞை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பிலிருந்து, தொடர்ந்து வந்தால் மட்டுமே அப்பெட்டி பம்புக்கான ரிலேவை, அதாவது பம்புக்கு மின்சாரம் செலுத்தும் மின்சுவிட்சை, பிடித்துவைத்திருக்கும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. இதன் விளைவாக, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சமிக்ஞைச் சுருள் பழுதுபட்டால் தீப்பொறியும் நிற்கும், இன்ஜெக்டரும் தெளிக்காது, ரிலேயும் பம்பைக் கைவிட்டுவிடும். பார்ப்பவருக்கு அது எரிபொருள் வராத வண்டியாகவே தெரியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரச் சான்று கிடைப்பது கடினம்.

இதற்கு நேர்மாறான மறைப்பும் இதே வண்டியில் உண்டு. ரிலே பழுதானால் பம்பு அடியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சின் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்சு வழியாகப் பம்புக்கு இரண்டாவது மின்பாதை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. ரிலே செத்துப்போன வண்டியில் செல்ஃப் நீண்ட நேரம் சுழன்று, ஆயில் அழுத்தம் சிறிதளவு ஏறிய பிறகு, அச்சுவிட்சு மூடி, பம்பு ஓடி, எஞ்சின் கிளம்பிவிடும். உரிமையாளர் காண்பதோ, நாளுக்கு நாள் கிளம்பத் தாமதிக்கும் வண்டி. அவர் பம்பு தளர்கிறது என்று நினைக்கிறார். உண்மையில் பம்பு நலமாக இருக்கிறது. சிறிய, மலிவான ரிலே ஒன்று பழுதாகி, அதன் வேலையை மற்றொன்று சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு குறையை வேறொன்று தாங்கிக்கொள்ளும்போது குறை வேறு உருவம் எடுக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பவர்க்கே இவ்வகைப் பழுது பிடிபடும்.

வண்டி தன் நிலையைத் தானே சொல்லும் வழியும் இருக்கிறது. 1996-ஆம் மாடல் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் ஒரே வகைச் சோதனை முறை கட்டாயமாவதற்கு முற்பட்ட இவ்வண்டிகளில், டேஷ்போர்டின் கீழுள்ள இணைப்பானின் ஏ, பி என்னும் இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு குறியீட்டு எண்களை மினுக்கிக் காட்டும். முதலில் ஒரு மினுக்கல், சிறு இடைவெளி, பிறகு இரண்டு மினுக்கல்கள் என 12 என்னும் எண் மும்முறை வரும். எஞ்சின் சுழலாததால் சமிக்ஞை இல்லை, சோதனை அமைப்பு விழித்திருக்கிறது என்பதே அதன் பொருள். தொடர்ந்து 54 என்னும் எண் வந்தால் எரிபொருள் பம்பின் மின்சுற்றில் மின்னழுத்தம் குறைவு என்று கொள்ள வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த எண் ஒரு சுற்றையே சுட்டுகிறது. ஓர் உறுப்பைச் சுட்டுவதில்லை. ஃபியூஸ், ரிலே, ஒயர், இணைப்பான் என அச்சுற்றில் பல உறுப்புகள் இருக்க, எண்ணைக் கண்டதும் பம்பு வாங்கக் கடைக்குச் செல்பவர், இயந்திரம் சொன்னதைவிட அதிகமாகத் தாம் கேட்டுக்கொண்டவர் ஆகிறார்.

மின்பாதையைச் சோதிப்பதில்தான் இவ்வேலையின் மிக ஆழமான பாடம் அமைந்திருக்கிறது. டேங்கின் மேலுள்ள பம்பு இணைப்பானைக் கழற்றி, அதன் மின்முனையில் மல்டிமீட்டரை வைத்து, ரிலேவை இயக்கினால், 12 வோல்ட்டுக்கு மேல் காட்டலாம். மின்சாரம் வருகிறது, ஆகவே பம்பே பழுது என்று முடிவெடுக்க அந்த எண் தூண்டும். ஆனால் மல்டிமீட்டர் தன் வழியாக ஏறக்குறைய மின்னோட்டமே செல்லாதபடி அமைக்கப்பட்ட கருவி; உள்ளே அரிக்கப்பட்டு ஒற்றை இழையில் மட்டும் தொடர்பு தங்கியுள்ள ஒயர்கூட அதற்கு முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். பம்பை மீண்டும் இணைத்து ஓடவிடும்போதே உண்மை வெளிப்படும். சாலையில் பனியைக் கரைக்க உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டிகளில், பம்பின் மின்னோட்டம் திரும்பிச் செல்வதற்காகச் சேஸிஸில் திருகப்பட்ட எர்த் முனையைக் கழற்றிப் பார்த்தால், செம்பு பச்சை பூத்து, வளையத்தின் அடியில் துரு தகடு தகடாகப் பெயர்ந்து நிற்கும். அவ்விடத்தில் 1 ஓம் தடை ஏற்பட்டிருந்தாலே, 4 ஆம்பியர் ஓடும்போது அது 4 வோல்ட்டை விழுங்கிவிடும். மிஞ்சிய மின்னழுத்தத்தில் புத்தம் புதிய பம்புகூட முனகத்தான் செய்யும். எனவே தேர்ந்தவர்கள் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியின் எதிர்முனைக்கும் பம்பின் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளக்கிறார்கள். நல்ல எர்த்தில் அது மிகச் சிறிய பின்னமாக இருக்கும். முழு வோல்ட் கணக்கில் வந்தால் குற்றம் அங்கே இருக்கிறது.

மின்சாரம் சுமையோடும் சரியாக வருகிறது என்று உறுதியான பிறகே அழுத்தத்தை அளக்கும் முறை வருகிறது. இந்த எஞ்சினில் எரிபொருள் அழுத்தம் ஏறத்தாழ 9 முதல் 13 பிஎஸ்ஐ வரை, அதாவது ஒரு சதுர அங்குலத்திற்கு அத்தனை பவுண்டு விசை என்ற அளவில், இருக்க வேண்டும். பிற்கால வண்டிகளில் உள்ளதுபோல் கேஜை மாட்டுவதற்கென்று தனி வால்வு இதில் இல்லாததால், குழாயைப் பிரித்து இடையில் கேஜைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் முதலில் சேஸிஸ் ஓரமாகப் பொருத்தப்பட்டுள்ள ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், எஞ்சினுக்கு வேண்டியது போக மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் அழுத்தச் சீராக்கியைப் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் குற்றமற்றவை என்று தெளிந்த பிறகு, விலக்க முடியாததாக எஞ்சி நிற்பது டேங்கின் உள்ளே இருக்கும் பம்பு. இப்போதும் அதே முடிவுதான். காலையில் சாவியைத் திருப்பியவுடன் தோன்றியதும் இதுதான். ஆனால் அப்போது அது ஊகம்; இப்போது அது அறிவு. சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை.

அந்த அறிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அடுத்து வரும் வேலை காட்டிவிடும். நீண்ட பின்பெட்டி கொண்ட வகைகளில் டேங்கின் கொள்ளளவு 34 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 129 லிட்டர். நிரம்பியிருந்தால் பெட்ரோல் மட்டுமே 90 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை முதலில் வடித்தாக வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, டேங்கைத் தாங்கும் இரண்டு பட்டைகளின் துருவேறிய நட்டுகளை உடையாமல் தளர்த்தி, குழாய்களையும் இணைப்பானையும் விடுவித்து, ஜாக்கியின்மேல் டேங்கை மெல்ல இறக்க வேண்டும். அல்லது பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டியையே தூக்கி நகர்த்தி மேலிருந்து அணுக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவில் உள்ள சிறு சுடரைக்கூடத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். வீட்டோடு சேர்ந்த கராஜில், எரிவாயு வெந்நீர்க் கலத்தின் அணையாச் சுடர் எரியும் அறையிலேயே இவ்வேலையைச் செய்வது உயிருக்கு உலை வைப்பதாகும். டேங்கின் வாயில் பம்பைப் பூட்டியிருக்கும் வளையத்தை, தீப்பொறி எழாத பித்தளைக் கம்பியை வைத்தே தட்டித் திருக வேண்டும். இத்தனை உழைப்பும் இத்தனை ஆபத்தும் ஓர் எர்த் ஒயரின் துருவைத் தேடாமல் விட்டதற்காக வீணாகுமானால், அந்த இழப்பைத் திறமையின்மை என்பதைவிடப் பொறுமையின்மை என்பதே பொருந்தும்.

வளையம் கழன்று பம்பு வெளியே வந்ததும் தேடல் முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பம்பின் அடியில் காலுறை போல் மாட்டப்பட்ட வலைச் சல்லடையைக் கையில் எடுத்துப் பார்ப்பது இவ்விடத்தில் மிகவும் முக்கியம். அது தன் இயல்பான வெளிர் நிறத்தை இழந்து, பழுப்பு மண்டி படிந்து, விரல்களிடையே நசுக்கினால் நெறுநெறுக்கும் துகள்களோடு இருக்குமானால், பம்பு செத்தது நோயின் கடைசிக் கட்டம் மட்டுமே என்பது விளங்கும். அடைபட்ட சல்லடை வழியாக இழுக்க முயன்று, போதிய பெட்ரோல் கிடைக்காமல், தன்னைக் குளிர்விக்க வேண்டிய ஓட்டமே குன்றி, அது சூடேறித் தேய்ந்திருக்கிறது. டேங்கைக் கழுவாமல் புதிய பம்பை அதனுள் வைப்பவர், முந்தையதைக் கொன்ற சூழலுக்குள் அடுத்ததையும் அனுப்புகிறார். சில மாதங்களில் அது நிற்கும்போது, இக்காலப் பொருள்களுக்குத் தரம் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

புதிய பம்பு பொருத்தப்பட்டு எஞ்சின் கிளம்பும்போது எழும் நிறைவு நியாயமானதே. ஆனால் அந்நிறைவு ஒரு சான்று என்று எண்ணுவதில் பிழை இருக்கிறது. பம்பை மாற்றும் போக்கில் இணைப்பான் கழற்றி மாட்டப்பட்டது, எர்த் முனை சுரண்டித் திருகப்பட்டது, ஃபில்டர் மாற்றப்பட்டது, நெடுநாள் கிடந்த பெட்ரோல் வடிக்கப்பட்டது. இவற்றுள் எது வண்டியை ஓடவைத்தது என்பதை எஞ்சினின் ஓசை சொல்லாது. ஆகையால்தான் கவனமுள்ள பழுது பார்ப்பவர் மாற்றுவதற்கு முன் அளந்த அழுத்தத்தையும் மின்னழுத்த இழப்பையும் எழுதி வைத்துக்கொண்டு, மாற்றிய பின் அதே இடங்களில் மீண்டும் அளக்கிறார். வெற்றி கிடைத்த இடத்திலும் கேள்வியைத் தொடர்வதற்குத் தோல்வியில் தொடர்வதைவிட அதிக மன உறுதி வேண்டும். ஏனெனில் தோல்வி மனிதரைக் கட்டாயப்படுத்திச் சிந்திக்கவைக்கிறது, வெற்றியோ போதும் என்று விடைகொடுத்து அனுப்பிவிடுகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழக்கூடும். தொழில்முறை மெக்கானிக்குக் காலமே பணம். 30 ஆண்டுப் பழைய வண்டியில் ஒருமுறைகூட மாற்றப்படாத பம்பு இருக்குமானால், நிகழ்தகவை நம்பி அதை மாற்றிவிடுவதும் அறிவுள்ள செயலே அன்றோ என்று கேட்கலாம். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. உலகில் எந்த முடிவும் முழு உறுதியுடன் எடுக்கப்படுவதில்லை. அப்படி எடுக்க வேண்டும் என்று காத்திருப்பவரால் எதையுமே செய்ய முடியாது. ரிலேவைச் சந்தேகத்தின் பேரில் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, தவறானால் நொடியில் பழையதையே மாட்டிவிடலாம். டேங்கை இறக்குவது அப்படிப்பட்டதன்று. ஆகவே இவ்வேலையிலிருந்து பெறத்தக்க நெறியை இவ்வாறு வகுக்கலாம்: ஒரு செயலைத் தவறென்று கண்டபின் திருத்துவது எவ்வளவு கடினமோ, அச்செயலுக்கு முன் தேட வேண்டிய சான்றும் அவ்வளவு வலுவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் ஐயுறுவது வீண். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் முடிவு செய்வது கேடு. தேடலின் ஆழத்தைப் பிழையின் விலையே நிர்ணயிக்க வேண்டும்.

இந்நெறி வண்டிகளின் எல்லைக்குள் அடங்குவதன்று. படிப்பில் பின்தங்கிய மாணவனைச் சோம்பேறி என்றும், வேலையில் தளர்ந்த ஊழியரை ஆர்வமற்றவர் என்றும், பேச்சைக் குறைத்துக்கொண்ட வாழ்க்கைத் துணையை அன்பற்றவர் என்றும் தீர்மானிக்கும்போது, எஞ்சின் எரியாததைக் கண்டு பம்பைக் குற்றம் சாட்டும் அதே தாவல்தான் நிகழ்கிறது. தேக்கம் தெரியும் இடமே காரணம் இருக்கும் இடம் என்று மனம் கொள்கிறது. அம்மாணவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, அந்த ஊழியரின் வீட்டில் யாரேனும் படுக்கையில் இருக்கிறார்களா, அந்தத் துணை வேறு எதன் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதற்குக் காசு செலவாவதில்லை. சில நிமிடப் பொறுமைதான் செலவாகிறது. அதைச் செலவிட மறுத்துவிட்டு, பள்ளியை மாற்றுவது, வேலையிலிருந்து நீக்குவது, உறவை முறிப்பது போன்ற, திரும்பப் பெற இயலாத முடிவுகளுக்கு மனிதர்கள் சென்றுவிடுகிறார்கள். திருத்துவதற்கு மிகக் கடினமான முடிவுகளே மிகக் குறைந்த சான்றோடு எடுக்கப்படுகின்றன என்பது வாழ்வின் பெருந்துயரங்களுள் ஒன்று.

சுமையோடு அளக்க வேண்டும் என்னும் பாடமும் மனிதரிடத்தில் உண்மையாகிறது. நலமா என்று வழியில் கேட்டால் நலம் என்று வரும் விடை, எதையும் சுமக்காத நேரத்தில் காட்டப்படும் முழு மின்னழுத்தம் போன்றது. அது பொய்யன்று, ஆனால் அது எதையும் உறுதி செய்வதுமில்லை. ஒருவரின் உண்மை நிலையை அறிய விரும்புபவர், அவர் உழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்மேல் பாரம் இருக்கும் இடத்தில், அருகில் இருந்து பார்க்க வேண்டும். மூத்த பெற்றோர் பண்டிகை நாளில் உற்சாகமாக இருப்பதைக் கண்டு திரும்பிவிடும் பிள்ளைகள், சாதாரண நாளில் அவர்கள் மாடிப்படி ஏறுவதையும் மருந்துச் சீட்டைப் படிக்க முயல்வதையும் கண்டதில்லை. அவ்வாறே, சிலர் தம் குறையை மற்றொருவரின் உழைப்பால் மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சில குடும்பங்கள், சில அலுவலகங்கள், ஒரே ஒருவர் ஓசையின்றி எடுத்துக்கொண்ட இரட்டைச் சுமையால் ஓடுகின்றன. அவர் நின்றுபோகும் நாளில்தான் எது எப்போதோ பழுதுபட்டிருந்தது என்பது தெரியவருகிறது.

ஆயினும் இயந்திரத்திலிருந்து மனிதருக்குச் செல்லும் இப்பாதைக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பம்பைப் பற்றிய சந்தேகம் பம்பை மாற்றிவிடுவதில்லை. அது சந்தேகிக்கப்பட்டதை அறியாது. மனிதர் அறிவார். அவர்மேல் கொண்ட தவறான தீர்ப்பு, சொல்லப்படாவிட்டாலும், பார்வையிலும் குரலிலும் அவரை எட்டி, நாளடைவில் அத்தீர்ப்புக்கு ஏற்றவராகவே அவரை மாற்றிவிடவும் கூடும். சோம்பேறி என்று பலமுறை கேட்ட சிறுவன் முயற்சியைக் கைவிடும்போது, தீர்ப்பு சொன்னவர் தம் கணிப்பு மெய்யாயிற்று என்று கருதுகிறார்; உண்மையில் அக்கணிப்பே அப்பழுதை உண்டாக்கிவிட்டது. மேலும் மனிதருக்கு மாற்று உறுப்புக் கடை இல்லை. இவ்விரு காரணங்களாலும், ஒரு பழைய வண்டிக்கு அளிக்கப்படும் பொறுமையைவிடக் குறைந்ததை ஒரு மனிதருக்கு அளிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதைவிடப் பன்மடங்கு கூடுதலாக அளிப்பதற்கே நியாயம் இருக்கிறது.

பழுதை முறையாகத் தேடுபவர் ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறார் என்பது இவ்வேலையில் அதிகம் கவனிக்கப்படாத சிறப்பு. ஃபியூஸ் நலம், ரிலே நலம், ஒயர் நலம், எர்த் நலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் தேடல், முடிவில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறது. மற்ற அனைத்தையும் அவற்றின் இடத்திலேயே, நம்பிக்கையோடு விட்டுவைக்கிறது. தேடாமல் மாற்றுபவரிடம் அந்நம்பிக்கை இருக்க வழியில்லை. வண்டி ஓடினாலும் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியாது, நெடுவழியில் ஒவ்வொரு சிறு தயக்கத்திலும் அவர் மனம் துணுக்குறும். ஆகவே காரணம் அறியும் பொறுமை, பழுதானதைச் சரிசெய்வதற்கான கருவி என்பதோடு நிற்பதில்லை; பழுதாகாதவற்றோடு ஐயமின்றி வாழ்வதற்கான வழியாகவும் அது அமைகிறது. தம்மைச் சூழ்ந்துள்ள பொருள்களையும் மனிதர்களையும் நம்ப விரும்பும் ஒருவர், அவர்களை ஆராயாமல் நம்புவதாலும் ஆராயாமல் சந்தேகிப்பதாலும் அந்நிலையை அடைய முடியாது. உரிய வேளையில், உரிய ஒழுங்கில், விடை வரும்வரை பொறுத்துக் கேட்பதாலேயே அடைய முடியும்.